பல்சா பிளேன் மூக்கைத் தூக்கித் தூக்கி விழுகிறது, எங்கே பிழை?

கோண்டாவில் பொடியன்:
கனடாவில் இருந்து வந்த மாமா ஒரு பல்சா (பாரமில்லாத மெல்லிய மரம்) பிளேன் கிட் கொண்டுவந்து தந்தார். 18 அங்குல இறக்கை, ரபர் முறுக்கி விடுகிற வகை. மூன்று கிழமை இருந்து கட்டினேன், படிப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான். பட்டம் கட்டிப் பழகின கை என்பதால் ரிசு பேப்பர் ஒட்டுவது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. போன சனி பின்னேரம் முற்றவெளிக்குக் கொண்டுபோய் விட்டால், மூக்கைத் தூக்குது, அப்படியே ஒரு கணம் நிற்குது, தொப்பென்று விழுது. மெதுவாக எறிந்தாலும் அதேதான், அதோடு இடப்பக்கமும் இழுக்குது. ரபரை நூறு சுற்று முறுக்கி விட்டதில் இடப்பக்கம் சுருண்டு போய்க் குத்தி இறக்கையில் ஒரு விலா (குறுக்குச் சட்டம்) உடைந்துவிட்டது. உடைந்ததை ஒட்டிவிட்டேன். இனி என்ன செய்ய?

வல்வைப் பட்டக்காரன்:
பட்டத்தில் நூல் கட்டுகிற முச்சையில் பிழை தம்பி 😀 பகிடிக்குச் சொன்னேன். பின்னேரம் காற்று எப்படி இருந்தது? கொக்குப் பட்டம் ஏறுகிற காற்றில் இதை விட்டால் கிடைக்கிறதும் மிஞ்சாது.

பழைய ரபர்:
காற்றும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அது இல்லை. மூக்கைத் தூக்கி, நின்று, விழுந்தால் அனேகமாக வால் பாரம். இறக்கையின் அகலம் எவ்வளவு? முன்விளிம்பில் இருந்து அதன் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இரண்டு பக்கமும் அடியில் விரலைக் கொடுத்துத் தூக்குங்கள். ரபரும் உள்ளே இருக்கவேணும். மட்டமாக நிற்குதா, வால் தொங்குதா?

கோண்டாவில் பொடியன்:
அகலம் 3 அங்குலம். 1 அங்குலத்தில் பிடித்தால் வால் தொங்குது அண்ணை. ஒன்றரைக்கும் பின்னால் பிடித்தால்தான் மட்டமாக நிற்குது.

பழைய ரபர்:
அப்ப வாலில் ஏதோ கூட்டியிருக்கிறீர்கள். கிட்டில் இல்லாத ஒன்று.

கோண்டாவில் பொடியன்:
ம்ம். வால் தொட்டாலே வளைகிற மாதிரி இருந்தது, அதனால் ஈர்க்கைச் சீவி இரண்டு பக்கமும் வைத்துச் சூப்பர் குளூ போட்டேன். பட்டத்துக்குச் செய்கிற மாதிரி.

பழைய ரபர்:
அதுதான் விசயம். பட்டத்தை நூல் பிடித்து வைத்திருக்குது, வால் பாரம் அதை ஆடாமல் நிறுத்தும். இதை யார் பிடிக்கிறது? உங்களுடைய பிளேனில், மட்டமாக நிற்கவேண்டிய நிறைநிலைப் புள்ளியில் இருந்து மூக்கு இரண்டரை அங்குலம் என்றால், வால் ஒன்பது அங்குலம் தள்ளி இருக்கும். வாலில் வைத்த 1 கிராமைச் சரிக்கட்ட மூக்கில் மூன்றரை கிராமுக்கு மேல் வேணும். மொத்தப் பிளேனே 25 கிராம் வராது. அதனால் மூக்கில் களி அப்பாமல் ஈர்க்கைக் கழற்றுங்கள். புது பிளேட் எடுங்கள், மழுங்கின பிளேட்டில் பல்சா வெட்டுப்படாது, நசியும்.

இடப்பக்கம் இழுப்பதற்கு, இறக்கையைப் பின்னால் இருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இடது நுனியின் பின்விளிம்பு மேலே எழும்பியிருக்கும். ரிசு பேப்பருக்குத் தண்ணீர் தெளித்து இறுக்கும்போது பலகையில் குண்டூசி குத்தி வைத்தீர்களா?

கோண்டாவில் பொடியன்:
இல்லை, உடுப்புக் காயவிடுகிற அசையில் காயவைத்தேன் 🙈 இப்ப பார்த்தேன், 3 மில்லிமீற்றர் அளவு எழும்பித்தான் இருக்கு.

பழைய ரபர்:
கேத்தில் ஆவியில் அந்த நுனியைக் காட்டி, மற்றப் பக்கம் சற்றுக் கூடுதலாகவே முறுக்கிப் பிடித்து, ஆறும்வரை விடாதீர்கள். கையைச் சுடாதீர்கள். ரபர் முறுக்குவதை அதுக்குப் பிறகு பார்ப்போம்.

வல்வைப் பட்டக்காரன்:
விடியக்காலை ஆறு, ஆறரைக்குப் போ தம்பி, அந்த நேரம் காற்று எழும்பியிராது. அரிவு வெட்டின வயலும் நல்லது, ஒட்டுக்கட்டை ரிசுவைக் கிழிக்காமல் பார்த்தால் சரி.

கோண்டாவில் பொடியன்:
கஸ்தூரியார் வீதியில் நகைக்கடையில் நிற்கிற சிநேகிதனிடம் கழற்றின ஈர்க்கையும் பசைத் துண்டுகளையும் நிறுத்துப் பார்த்தேன், 1.9 கிராம்! அவன் பவுன் நிறுக்கிற தட்டில் ஈர்க்கைப் பார்த்து முதலாளி சிரித்துவிட்டார். மூக்கில் பயறளவு களி வைத்ததும் 1 அங்குலத்தில் மட்டமாக நின்றது. இன்று விடிய, ரபர் முறுக்காமல் தோள் உயரத்தில் இருந்து தள்ளிவிட்டேன், நேராகப் போய்ப் புல்லில் இறங்கியது. பிறகு 60 சுற்று, 8 செக்கன். 120 சுற்றில் திரும்பவும் மூக்கைத் தூக்கி இடப்பக்கம் சாயுது.

பழைய ரபர்:
சும்மா மிதக்கும்போது நேராகப் போகுது என்றால் இறக்கையைத் தொடாதீர்கள். இது ரபர் வேலை. விசிறி பூட்டின முன் கட்டைக்குப் பின்னால் மேல்பக்கம் 1 மில்லிமீற்றர் பல்சாச் சீவல் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. விசிறி கொஞ்சம் கீழேயும் வலப்பக்கமும் பார்க்கும். ஒவ்வொன்றாக வையுங்கள், இரண்டையும் ஒரேயடியாக வைத்தால் எது சரிப்படுத்தியது என்று தெரியாது. ரபருக்கு ஆமணக்கெண்ணெய் ஒரு சொட்டுப் பூசலாம், மெஷின் எண்ணெய் மட்டும் வேண்டாம், ரபர் இளகிப்போகும்.

8 செக்கனுக்குக் கவலைப்படாதீர்கள். 1871இல் பாரிஸில் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் ரபர் முறுக்கி விட்ட மாதிரிப் பிளேன் பறந்தது 11 செக்கன்தான்.

கோண்டாவில் பொடியன்:
14 செக்கன் அண்ணை!! பெனோவை முந்திவிட்டேன். ஆனால் இப்ப பிளேன் புளியமரத்தில் நிற்குது. பட்டக்கார அண்ணை, நீங்கள் மரத்தில் இருந்து எடுக்கிற தடி எத்தனை அடி?

வல்வைப் பட்டக்காரன்:
தடி போட்டால் இறக்கை போகும். நுனியில் கல் கட்டின நூலை அந்தக் கொப்புக்கு மேலால் எறிந்து, கொப்பை மெல்ல ஆட்டு. கீழே ஒரு சாரத்தை நாலு பேர் விரித்துப் பிடியுங்கள்.