ரோல்பிளே சர்வரில் அதிகாரபூர்வ ஃபேக்‌ஷன்கள்: யாருக்கு அங்கீகாரம், எதுவரை அதிகாரம்?

இரவுச்சுற்று:

அனைவருக்கும் வணக்கம். ஜிடிஏ 5 விளையாட்டுக்கான ஃபைவ்எம் என்னும் மாற்றுத் தளத்தின் வழியாக இயங்கும், வீரர்கள் கதாபாத்திரங்களாக நடித்து விளையாடும் ஒரு ரோல்பிளே சர்வரின் நிர்வாகத்தில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். காவல்துறையும் மருத்துவ சேவையும் எங்களிடம் தொடக்கம் முதலே நிர்வாகம் அங்கீகரித்த குழுக்களாக, அதாவது அதிகாரபூர்வ ஃபேக்‌ஷன்களாக இருந்துவருகின்றன. இவை போக, இரண்டு கும்பல்களுக்கும் முந்தைய நிர்வாகம் அதே அங்கீகாரத்தை அளித்துச் சென்றிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கும்பலுக்கு ஆயுதங்களை இறக்குமதி செய்ய உதவும் நிரல் (ஸ்கிரிப்ட்), சொந்தமாக ஒரு தலைமையிடம், ஃபோரத்தில் தனிப் பகுதி ஆகியவை கிடைக்கின்றன. மற்றவர்கள் துப்பாக்கி வேண்டுமென்றால் இவர்களிடம்தான் கையேந்த வேண்டும்.

இதனால் புதிதாகக் கும்பல் தொடங்குகிறவர்கள், எதிராளியோடு நல்ல காட்சி ஒன்றை நடத்துவதை விட்டுவிட்டு, விண்ணப்பத்தில் ஒட்டுவதற்கான ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேர்ப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும் கும்பலும் கலைந்துவிடுகிறது. காவல்துறையில் சிக்கல் வேறு விதமானது. உயர் பதவிகளில் இருப்போர் அனைவரும் ஒரே டிஸ்கார்ட் நட்பு வட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் சிலருக்கு அங்கீகாரம் பெற்ற கும்பலிலும் இரண்டாவது கதாபாத்திரம் இருக்கிறது. சில கொள்ளைகள் காவல்துறைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன என்றும், வேறு சில கொள்ளைகளில் மட்டும் ரோந்து வண்டி எப்போதும் தாமதமாக வருகிறது என்றும் புகார்கள் வந்தபடி இருக்கின்றன.

அதிகாரபூர்வ ஃபேக்‌ஷன் என்ற ஏற்பாட்டையே கைவிட வேண்டும் என்று நிர்வாகத்தில் ஒரு தரப்பு வாதிடுகிறது. அப்படிச் செய்தால் சர்வர் தாங்குமா? வைத்திருப்பதென்றால் எதன் அடிப்படையில் அங்கீகாரம் தருவது, ஒரு ஃபேக்‌ஷனின் உள்விவகாரத்தில் நிர்வாகம் எதுவரை தலையிடலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய அட்மின்:

வணக்கம் இரவுச்சுற்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வகைக் குழுக்களை உங்கள் சர்வர் ஒரே விதியால் ஆள முயல்கிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

காவல்துறை தன் உறுப்பினர்களுக்காக இருக்கும் குழு அல்ல. கொள்ளையடிப்பவருக்குத் துரத்த ஆள் வேண்டும், கடை வைத்திருப்பவருக்குப் புகார் சொல்ல ஓர் இடம் வேண்டும், கைதானவருக்கு விசாரணை வேண்டும். அன்றிரவு காவலர் எவரும் பணியில் இல்லையென்றால், கொள்ளை என்பது ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் பணம் சேரும்வரை காத்திருக்கும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. மருத்துவ சேவை, நீதிமன்றம், சில சர்வர்களில் உள்ள செய்தி நிறுவனம் ஆகியவையும் அப்படித்தான். பிறருடைய கதை நடப்பதற்கு அவை தேவைப்படுகின்றன. ஆகவே இவற்றுக்குத் தரும் அங்கீகாரம் சலுகையாக இருக்க முடியாது. சர்வரில் உள்ள எல்லோருக்கும் இவர்கள் ஒரு கடமைப்பட்டிருக்கிறார்கள், அந்தக் கடமைக்கு வேண்டிய கருவிகளை நிர்வாகம் கொடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கும்பலுக்கு அப்படி எந்தக் கடமையும் இல்லை. நன்றாக விளையாடியதற்கான பரிசாகத்தான் அங்கே அங்கீகாரம் தரப்படுகிறது. பரிசு தருவதில் தவறில்லை, ஆனால் அடுத்தவர் வாசலை அடைக்கும் அளவுக்குப் பெரிய பரிசைத் தரக் கூடாது. ஆயுத இறக்குமதியை இரண்டு குழுக்களிடம் பூட்டி வைத்ததன் மூலம் நீங்கள் செய்திருப்பது அதைத்தான்.

இரண்டு முறைகளும் ஒரே உலகில் இடித்துக்கொள்ளாமல் இருக்க முடியும் என்பதற்கு ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளி இணைய விளையாட்டு நல்ல சான்று. அமார், கால்டாரி, கலென்டே, மின்மட்டார் என்னும் நான்கு பேரரசுகளும் விளையாட்டை உருவாக்கியவர்கள் வகுத்தவை. 2008 ஜூன் முதல் வீரர்கள் அவற்றின் போராளிப் படைகளில் சேர்ந்து எல்லைப் போரில் ஈடுபட முடிகிறது. எந்தப் பேரரசின் ஆட்சியும் எட்டாத வெளிப்பகுதிகளிலோ வீரர்களே கட்டிய கூட்டணிகள் நிலத்தைப் பிடித்து ஆள்கின்றன. அந்தக் கூட்டணிகளுக்கு நிர்வாகம் எந்த முத்திரையும் குத்துவதில்லை. எல்லாக் கூட்டணிக்கும் பொதுவான விதிகளின்படி நிலத்தைக் காப்பாற்ற முடிகிறவரை அது அவர்களுடையது.

உங்கள் காவல்துறை பற்றி: புகார்களைப் படித்துக்கொண்டிருப்பதைவிட ஆயுதக் கிடங்கின் லாக் பதிவைத் திறந்து பாருங்கள். ஒரு காவலர் துப்பாக்கியை எடுத்த நேரம், பணியிலிருந்து விலகிய நேரம், அதே பயனர் தம் கும்பல் கதாபாத்திரத்துக்கு மாறிய நேரம் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்தால், மெட்டாகேமிங், அதாவது கதாபாத்திரத்துக்குத் தெரிய வாய்ப்பில்லாத தகவலை வீரர் பயன்படுத்துவது, நடக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். இரண்டாவது கதாபாத்திரத்தை அனைவருக்கும் தடை செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறிய சர்வரில் அது ஆள் பஞ்சத்தில்தான் முடியும். ஆனால் கைது, சோதனை ஆகியவற்றைத் திட்டமிடும் பதவியில் இருப்பவருக்கு எந்தச் சட்டவிரோதக் குழுவிலும் கதாபாத்திரம் இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முத்திரையில்லாதவன்:

பழைய அட்மின் சொல்வதில் காவல்துறை பற்றிய பகுதியை ஏற்கிறேன். கும்பலுக்கு ‘சிறிய பரிசு’ என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். பரிசு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அதைக் கொடுப்பவர் ஒரு நிர்வாகி, அந்த நிர்வாகியும் இதே சர்வரில் விளையாடுகிறவர்.

நீங்கள் எடுத்துக்காட்டிய அதே ஈவ் ஆன்லைனில், தாம் விளையாடிவந்த கூட்டணிக்குள் அரிய புளூபிரிண்டுகளை (கப்பல் போன்றவற்றைத் தயாரிக்க உதவும் வரைபடங்களை) முறைகேடாக உண்டாக்கிக்கொண்டதை 2007-இல் ஒரு டெவலப்பர் ஒப்புக்கொண்டார். பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்னும் அந்தக் கூட்டணி அதன் பிறகு நேர்மையாக வென்ற போர்களைக்கூட எதிரிகள் நம்பத் தயாராக இல்லை. நிறுவனம் உள்விசாரணைப் பிரிவு ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழு 2008-இல் உருவானதற்கும் இந்த அவநம்பிக்கை ஒரு காரணம். சம்பளம் வாங்கும் ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், ஓய்வு நேரத்தில் சர்வர் நடத்தும் நம் போன்றவர்கள் எந்தக் கும்பலையும் தொடாமல் இருப்பதே மேல்.

அந்தக் கூட்டணியின் முடிவையும் பாருங்கள். 2009 பிப்ரவரியில் அதன் இயக்குநர்களில் ஒருவர் எதிரிகளான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்து, தமக்கு இருந்த உரிமையைப் பயன்படுத்திக் கூட்டணியையே கலைத்துவிட்டார். டெல்வ் பகுதியில் அவர்கள் வைத்திருந்த ஆட்சியுரிமை கூட்டணியின் பெயரோடு பிணைந்திருந்ததால் அதுவும் போயிற்று. நிறுவனம் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வீரர்கள் பேசிக்கொண்டிருக்கும் கதை அது. அட்மின் ஒருவர் குறுக்கிட்டுக் கூட்டணியை மீட்டுக் கொடுத்திருந்தால் இன்று அதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

பழைய அட்மின்:

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. கலைந்தது வீரர்கள் தாமே கட்டிய கூட்டணி. அதை நம்பி ஏமாந்தவர்கள் அதன் உறுப்பினர்கள் மட்டுமே. உங்கள் சர்வரில் காவல் தலைவர் கோபத்தில் ஒரே இரவில் எல்லாக் காவலர்களையும் பதவிநீக்கம் செய்துவிட்டு வெளியேறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ‘அருமையான கதை’ என்று விட்டுவிட முடியுமா? மறுநாள் மாலை உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் காவல்துறையே இல்லாத நகரத்தில் விழிப்பார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தச் சண்டையோடு எந்தத் தொடர்பும் இருந்திருக்காது. அங்கே நிர்வாகம் தலையிட்டே ஆக வேண்டும், தலைவரின் முடிவை ரத்து செய்தே ஆக வேண்டும். கும்பல் தலைவர் அதையே செய்தால் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

கும்பலுக்கு எந்தப் பரிசும் வேண்டாம் என்ற உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஃபோரத்தில் ஒரு பகுதி தருவதில் பெரிய கெடுதல் வராது என்று இன்னமும் நினைக்கிறேன். ஆயுதம், பணம், நிலம் ஆகிய மூன்றிலும் நிர்வாகத்தின் கை படக் கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

ஸ்ட்ரெட்சர்:

மருத்துவ சேவையில் நீண்ட காலமாக விளையாடிவருகிறேன். கும்பல்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். அங்கீகாரம் பெற்ற சேவைக் குழுக்களின் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சாலை விபத்து ஒன்றுக்குச் செல்லும் மருத்துவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ‘ரிவைவ்’ பொத்தானை அழுத்தினால் அடுத்த நொடி ஆள் எழுந்து ஓடிவிடுவார். இல்லையென்றால் தன் செயலை எழுத்தில் விவரிக்கும் ‘மீ’ கட்டளையில் ‘காரின் உடைந்த கதவை விலக்கி, ஓட்டுநரின் கழுத்தை அசையாமல் பிடிக்கிறார்’ என்று எழுதி, சூழ்நிலையைக் கேட்க உதவும் ‘டூ’ கட்டளையில் ‘அவர் நினைவோடு இருக்கிறாரா, இரத்தம் எங்கிருந்து வருகிறது?’ என்று கேட்க வேண்டும். அதற்கு விடை சொல்லும் பொறுப்பு காயம்பட்டவருடையது. அவர் ‘வலது தொடையில் கண்ணாடி குத்தியிருக்கிறது, பேச்சு குழறுகிறது’ என்று எழுதிய கணத்தில், தரையில் கிடந்து சலித்துக்கொண்டிருந்த ஒருவர் காட்சியின் நாயகராகிவிடுகிறார். இந்த இரண்டாவது வழிக்காகத்தான் எங்களுக்கு ஆம்புலன்ஸும் மருத்துவமனையும் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று நான் நம்புகிறேன்.

ஆனால் பெரும்பாலான சர்வர்கள் எங்களை அளப்பது பணிநேரத்தால். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பணியில் இருக்காவிட்டால் பதவி இறக்கம் என்று விதி வைத்தால், ஆம்புலன்ஸை மருத்துவமனை வாசலில் நிறுத்திவிட்டு வேறு திரையில் படம் பார்ப்பவர்தான் முதலிடத்துக்கு வருவார். நன்றாக ஒரு காட்சியை நடத்தியவர் களைத்துப்போய் விலகிவிடுவார். மணிக்கணக்கை எடுத்துவிட்டு, சிகிச்சை பெற்றவர்களிடம் அவ்வப்போது கருத்துக் கேளுங்கள். எங்கள் தலைவருக்கு அது பிடிக்காது, ஆனாலும் கேளுங்கள்.

மும்முனை:

சுருக்கமாக ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அங்கீகாரம் பெற்ற கும்பல்கள் இரண்டு என்று கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கையே ஒரு கேடு. இரண்டில் ஒன்று சற்று ஓங்கினாலும் புதியவர்கள் வெல்லும் பக்கமே சேர்வார்கள், தோற்கும் பக்கம் மேலும் மெலியும். 2004-இல் இரண்டே அணிகளோடு வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் இணைய விளையாட்டில் பல சர்வர்கள் ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியானதை அதை விளையாடிய அனைவரும் அறிவார்கள். எதிரணியினரோடு சேர்ந்து டன்ஜன் எனப்படும் குழுச் சவால் களத்துக்குச் செல்ல 2022-இல்தான் அங்கே வழி திறந்தது. அதற்கு முன்பே 2001-இல் வந்த டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட், ஆல்பியன், மிட்கார்ட், ஹைபர்னியா என மூன்று நாடுகளை வைத்தது. ஒன்று ஓங்கினால் மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ள முடிந்தது. மூன்றாவது கும்பலுக்கு ஆள் இல்லையென்றால், இருக்கும் இரண்டின் முத்திரையையும் எடுத்துவிடுவதே நல்லது.

இரவுச்சுற்று:

விரிவான பதில்களுக்கு அனைவருக்கும் நன்றி. சேவைக் குழுக்களின் அங்கீகாரத்தை வைத்துக்கொண்டு கும்பல்களுடையதை நீக்குவது என்ற முடிவை நோக்கி நகர்கிறோம். இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. இப்போதுள்ள கும்பல்கள் இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாமல் எப்படிச் செய்வது? காவல்துறையின் நட்பு வட்டத்தை உடைக்கத் தலைமைக்குத் தேர்தல் வைக்கலாமா?

பழைய அட்மின்:

தேர்தல் வேண்டாம். நட்பு வட்டம்தான் எண்ணிக்கையில் பெரிது என்பதால் அதே ஆட்கள் கூடுதல் தெம்போடு திரும்பி வருவார்கள். தலைமைப் பதவிக்கு மூன்று மாதக் காலவரம்பு வைத்து, காலம் முடிந்ததும் குறைந்தது ஒரு முறையாவது வேறொருவர் வந்தாக வேண்டும் என்று விதி செய்யுங்கள். ஆள்சேர்ப்பை மட்டும் தலைவரிடமிருந்து பிரித்து, காவல்துறையில் இல்லாத ஒரு நிர்வாகியும் நேர்காணலில் அமரும்படி செய்யுங்கள். வட்டம் பெரும்பாலும் ஆள்சேர்ப்பு வழியாகத்தான் உருவாகிறது.

கும்பல்களைப் பொறுத்தவரை, அவர்கள் இதுவரை சேர்த்த ஆயுதத்தையும் பணத்தையும் தொடாதீர்கள். பழைய விதியின்படி முறையாக ஈட்டியது அது. தலைமையிடத்தைச் சாதாரணச் சொத்தாக மாற்றி, மற்றவர்கள் கட்டும் அதே வாடகையைக் கட்டச் சொல்லுங்கள். இறக்குமதி ஸ்கிரிப்டை அவர்களிடமிருந்து பறிப்பதாக அறிவிக்காமல், எந்தக் கதாபாத்திரமும் போதுமான முதலீட்டோடும் பிடிபடும் ஆபத்தோடும் சரக்கு இறக்கலாம் என்று எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். புதியவர்கள் சரக்கு இறக்கும் இடத்துக்கு முதல் வாரமே பழைய கும்பல்கள் ஆளனுப்பி வழிமறிப்பார்கள். அதைக் குறித்துப் புகார் வந்தால், துப்பாக்கிச் சூட்டுக்கு முன் பேச்சோ மிரட்டலோ நடந்ததா என்பதை மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட்டை, அதாவது புகார்ப் பதிவை, மூடிவிடுங்கள்.