வெப்பமண்டலப் புயலின் மிச்சத்துக்காக ஒரு நாட்டையே மூட வேண்டுமா?

தென்கரையான்:
"சூறாவளி அயர்லாந்து வருவதற்குள் நீர்த்துப்போகும், 2017இல் ஒஃபீலியாவுக்காக நாட்டையே மூடியது வீண் பீதி" என்று டப்ளின் குமரன் நேற்று எழுதியிருந்தார். அன்று அயர்லாந்தின் தென்கரையில் உள்ள கார்க்கில் இருந்தவன் என்பதால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அக்டோபர் 14 அன்று ஒஃபீலியா அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே மூன்றாம் வகைச் சூறாவளி (ஐந்தாம் வகைதான் உச்சம்). அட்லாண்டிக்கில் அவ்வளவு கிழக்கே அந்த வலுவோடு வேறெதுவும் அதுவரை பதிவானதில்லை. 16ஆம் தேதி அயர்லாந்தைத் தொட்டுவிட்டது. அதற்குள் அது வெப்பமண்டலப் புயலாக இல்லை, சரி. ஆனாலும் கடலுக்குள் பாறைமேல் நிற்கும் ஃபாஸ்ட்நெட் கலங்கரை விளக்கத்தில் மணிக்கு 191 கிலோமீட்டர், கார்க் கரையோர ரோச்சஸ் பாயிண்டில் 156 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது. கார்க்கில் டர்னர்ஸ் கிராஸ் கால்பந்து மைதானத்தில் ஒரு பக்கக் கூரையே சரிந்து விழுந்தது. சுமார் 3,60,000 இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. மூன்று பேர் இறந்தார்கள். இதில் வீண் எது?

டப்ளின் குமரன்:
இறந்தவர்களை நான் சிறுமைப்படுத்தவில்லை. என் கேள்வி வேறு. டப்ளினில் எங்கள் தெருவில் குப்பைத்தொட்டிகள் உருண்டதோடு சரி. ஆனால் கார்க்குக்கும் எங்களுக்கும் ஒரே சிவப்பு எச்சரிக்கை (உச்ச அளவு), நாடு முழுக்க இரண்டு நாள் பள்ளி விடுமுறை.

2019இல் லோரென்சோவைப் பாருங்கள். அட்லாண்டிக்கில் அவ்வளவு கிழக்கே ஐந்தாம் வகையைத் தொட்ட முதல் சூறாவளி. அயர்லாந்துக்கு வந்தபோது வழக்கமான இலையுதிர்காலப் புயல் அளவுதான் இருந்தது. மறுபக்கம், 2025 ஜனவரியில் வந்த ஏயோவின் புயல் வெப்பமண்டலத்தில் பிறந்ததே இல்லை. மேற்குக் கரையில் மேஸ் ஹெட்டில் 183 கிலோமீட்டர்; கடலுக்குள் இருக்கும் ஃபாஸ்ட்நெட்டை விட்டுவிட்டால், நாட்டின் பழைய சாதனையையே முறியடித்தது. 7,68,000 இணைப்புகள் இருளில் கிடந்தன. அப்படியிருக்க, 'சூறாவளியின் மிச்சம்' என்றதும் ஏன் தனிப் பயம்?

வடதுருவம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஃபின்லாந்திலிருந்து எழுதுகிறேன். சூறாவளி ஓடுவது சூடான கடலின் நீராவியால். அந்த நீராவி மேலே போய் மேகமாகும்போது விடும் வெப்பம்தான் அதற்குத் தீனி. வடக்கே கடல் குளிரக் குளிர அது குறையும். அதோடு முடிந்தால் லோரென்சோ மாதிரி ஆகிவிடும். ஆனால் சரியான நேரத்தில் ஜெட் காற்றோட்டத்தில் (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரையும் காற்று) போய்ச் சேர்ந்தால், தெற்கிலிருந்து சுமந்து வந்த வெக்கைக்கும் வடக்கின் குளிருக்கும் உள்ள வித்தியாசமே அடுத்த தீனி. உச்ச வேகம் குறையலாம், ஆனால் காற்று வீசும் பரப்பு மிகவும் விரிந்துவிடும்.

இது எவ்வளவு தூரம் போகும் தெரியுமா? 1982 செப்டம்பரில் டெபி சூறாவளியின் மிச்சம் ஃபின்லாந்தின் வடகோடியான லாப்லாந்து வரை வந்து காடுகளைச் சாய்த்தது. இங்கே அதை மௌரி புயல் என்பார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்குப் பக்கத்தில்!

குமரன், எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயம்தான். ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, சூறாவளிப் பருவத்தில் வட ஐரோப்பாவுக்கு வரும் காற்றழுத்தத் தாழ்வுகளில் சூறாவளியின் மிச்சமாக வருபவை 1 சதவீதம்கூட இல்லை. ஆனால் கடும்புயல் வேகத்தைத் தொட்டவற்றை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம்.

தென்கரையான்:
அதோடு பருவத்தையும் பார்க்க வேண்டும் குமரன். ஏயோவின் வந்தது ஜனவரியில். அப்போது பெரும்பாலான மரங்கள் மொட்டையாக நிற்கும். ஒஃபீலியா வந்தபோது மரம் நிறைய இலை, ஒவ்வொன்றும் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கியது. அன்று இறந்த மூவரில் இருவர் ஓட்டிப்போன கார்மேல் மரம் விழுந்தது. மூன்றாமவர் விழுந்த மரத்தைச் செயின்சாவால் அறுக்கப்போனவர்.

டப்ளின் பக்கம் ஒன்றும் ஆகாது என்பதையும் ஏற்க மாட்டேன். 1986 ஆகஸ்டில் சார்லி சூறாவளியின் மிச்சம் கொண்டுவந்தது காற்றைவிட மழையைத்தான். டப்ளினுக்குத் தெற்கே கில்கூலில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டர். டார்கிள் ஆறு கரைபுரண்டு பிரே ஊருக்குள் புகுந்தது. பிரே உங்களுக்கு ரயிலில் போகிற தூரம்தானே?

டப்ளின் குமரன்:
சார்லி நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அங்கே ஆபத்து வெள்ளம், அதுவும் கிழக்கில். ஒஃபீலியாவில் காற்று, தெற்கில். ஒவ்வொன்றும் வேறு என்றால் கவுண்டி (மாவட்டம்) கவுண்டியாகத்தான் எச்சரிக்க வேண்டும். நாடு முழுக்கச் சிவப்பு அடித்து, பாதிப் பேருக்கு ஒன்றும் நடக்காமல் போனால், அடுத்த தடவை அந்தப் பாதிப் பேர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எனக்குப் பயம் அதுதான். பருவநிலை மாற்றத்தால் ஐரோப்பாவுக்கு இவை பெருகும் என்ற பேச்சையும் அப்படியே ஏற்க முடியாது. நெதர்லாந்து வானிலை நிறுவனத்தார் 2013இல் கணினி மாதிரியை வைத்து அப்படிச் சொன்னார்கள். ஆனால் போக்கு என்று அடித்துச் சொல்ல, இதுவரை வந்தவை மிகக் குறைவு.

தென்கரையான்:
பெருகுமா என்பதில் உங்களோடு சண்டையில்லை. கவுண்டி விஷயத்தில் மட்டும் விட மாட்டேன். ஒஃபீலியாவுக்கு முதலில் சிவப்பு கொடுத்தது மேற்கு, தென்மேற்குக் கரையோரக் கவுண்டிகளுக்குத்தான், நீங்கள் கேட்கிற மாதிரியே. முந்தின நாள் இரவுதான் நாடு முழுக்க விரித்தார்கள். அந்த மூன்று பேர் இறந்தது வாட்டர்ஃபோர்டில், டிப்பரேரியில், வடகிழக்கே லௌத்தில். மூன்றுமே அந்த முதல் பட்டியலில் இல்லை.

டப்ளின் குமரன்:
அப்படியானால் சாலைப் பயணத்தைத் தடுங்கள், முழு ஆதரவு தருகிறேன். இரண்டாம் நாளும் பள்ளியை மூடியதற்கு மட்டும் இன்னும் காரணம் கேட்பேன்.

தென்கரையான்:
கம்பி அறுந்து கிடந்த சாலையில் எந்தப் பள்ளிப் பேருந்து போயிருக்கும்?