டிசம்பர் மாதம்: கிணறு, பெருங்கதை, நத்தார்க் கேக், வெளிநாட்டு விருந்தாளி. எதை எப்ப செய்யிறது?

கிணத்தடி_வாசல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வீடு யாழ்ப்பாணம் வலிகாமத்தில, செம்மண் வளவு. கிணறு 10 அடி விட்டம். இப்ப 8 அடி தண்ணி நிக்குது, போன கிழமை மழைக்குப் பிறகு கொஞ்சம் கலங்கல். மலசலகூடக் குழி கிணத்தில இருந்து 40 அடிக்குள்ளதான்.

மாமி சைவம், பிள்ளையாரின்ர பெருங்கதை விரதமும் மார்கழித் திருவெம்பாவையும் விடமாட்டா. என்ர பக்கம் கத்தோலிக்கம், நத்தாருக்கு (கிறிஸ்மஸ்) ரவைக் கேக் கட்டாயம். குசினி ஒண்டுதான். 20ஆம் திகதி ஜேர்மனியில இருந்து மச்சாள் ஆக்கள் வருகினம், 7 மாதக் குழந்தை, மாப்பால் குடிக்கிற பிள்ளை. இதுக்குள்ள இரண்டு பாத்தி வெங்காயமும் வைக்க வேணும் எண்டு இவர் நிக்கிறார்.

கிணத்தை இறைச்சுத் தூர் எடுக்கலாமா? கேக்கை எப்ப போடுறது? எதை முதல் செய்யிறது?

---

மேற்குவீதி எழுதியது:

முதல்ல பஞ்சாங்கத்தைப் பாருங்கோ, பிறகு மிச்சத்தைக் கதைப்பம். டிசம்பர் 25 அசையாது. பெருங்கதையும் திருவெம்பாவையும் வருடா வருடம் அசையும். பெருங்கதை கார்த்திகைப் பௌர்ணமிக்கு அடுத்த நாள் தொடங்கி 21 நாள், மார்கழி வளர்பிறைச் சஷ்டியோட முடியும். அந்தப் பௌர்ணமி நவம்பர் நடுவிலும் வரலாம், டிசம்பர் நடுவிலும் வரலாம். 2023 இல் விரதம் நத்தாருக்கு முன்னமே முடிஞ்சுது. 2024 இல் டிசம்பர் நடுவில தொடங்கி நத்தாரைக் கடந்து ஜனவரிக்குள்ள போச்சுது. திருவெம்பாவையும் அப்படித்தான். கடைசி நாளான ஆருத்திரா தரிசனம் 2023 இல் டிசம்பர் 27, அடுத்தது 2025 ஜனவரி 13.

உங்களுக்கு இதில என்ன முக்கியம் எண்டால், கேக்குக்கு ஒரு டசின் முட்டை வேணும், குசினி ஒண்டு. காப்பு நூல் கட்டின பிறகு அந்தக் குசினியில முட்டை உடைக்கிற கதை வேண்டாம். விரதம் முந்தி வாற வருடமெண்டால் முடிஞ்ச அடுத்த நாள் கேக். பிந்தி வாற வருடமெண்டால் பௌர்ணமிக்கு முதல் கிழமை. ரவைக் கேக் மூன்று கிழமை இருந்தால் இன்னும் நல்லது, ஆகவே முந்திச் செய்யிறதில நட்டம் இல்லை. வாக்கியம், திருக்கணிதம் எண்ட இரண்டு பஞ்சாங்கமும் சில வருடம் ஒரு நாள் வித்தியாசம் காட்டும், மாமி போற கோயில் எதைப் பாக்குதோ அதைப் பாருங்கோ.

திருவெம்பாவைக்கு விடியப்புறம் 4 மணிக்கே சங்கும் சேமக்கலமும் கேட்கும். அந்தப் பத்து நாளும் மோட்டரை முதல் நாள் பின்னேரமே போட்டுத் தாங்கியை நிரப்பி வையுங்கோ. விடியக் கரண்ட் இல்லாட்டி மாமி குளிக்கத் தண்ணி இருக்காது.

---

தண்ணிச்சோதனை எழுதியது:

கிணற்றை இப்போது இறைக்க வேண்டாம். தூர் எடுப்பது ஆவணி, புரட்டாதி வேலை. மழைக்காலத்தில் சுற்றியுள்ள நிலத்தடி நீர் கிணற்று மட்டத்துக்கே நிற்கும். கிணற்றை வெறுமையாக்கினால் அந்த நீர் எல்லாப் பக்கத்தாலும் உள்ளே தள்ளும். பழைய கட்டு என்றால் கல் பெயரும், அடிமண் சரியும். அதைவிட மோசம், 40 அடியில் இருக்கும் குழி. எங்கள் சுண்ணக்கல்லில் வெடிப்பும் துவாரமும் வழியே நீர் வேகமாக ஓடும். நீங்கள் இறைக்க இறைக்கக் குழித் தண்ணீரை உங்கள் பக்கம் இழுக்கிறீர்கள். 50 அடி இடைவெளி என்று சொல்வதே சாதாரண மண்ணுக்கு. வலிகாமத்துக் கல்லில் அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை.

செய்ய வேண்டியது குளோரின். கிணற்று நீரின் அளவு: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 22, எல்லாம் அடியில், விடை லீற்றரில். உங்களுக்கு 10 × 10 × 8 × 22 = 17,600 லீற்றர்.

70 வீத ரி.சி.எல். (குளோரின்) குருணி என்றால், வெள்ளம் பட்ட அல்லது கலங்கிய கிணற்றுக்கு 1,000 லீற்றருக்கு 7 கிராம். உங்கள் கிணற்றுக்கு ஏறக்குறைய 125 கிராம். கேக்குக்கு வைத்திருக்கும் தராசிலேயே ஒரு பொலித்தீன் பையை வைத்து நிறுக்கலாம். பழைய 33 வீதத் தூள் என்றால் இதன் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூட. பேணியில் எத்தனை வீதம் என்று பார்க்காமல் கரண்டிக் கணக்கில் போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் பிழைக்கும் இடம். திறந்து வைத்த பேணி ஈரக் காற்றில் வீரியம் இழந்துவிடும், போன வருட மிச்சத்தை நம்ப வேண்டாம்.

பிளாஸ்ரிக் வாளி இரண்டு எடுங்கள், தகர வாளி வேண்டாம். வாளியில் முதலில் தண்ணீர், அதற்குள் தூள். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போகாமல் இரண்டு தரமாகக் கரையுங்கள். தடியால் கலக்கி 10 நிமிடம் அடைய விடுங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் மற்ற வாளிக்கு ஊற்றி, அடியில் கிடக்கும் சுண்ணாம்பை வளவின் மூலையில் கொட்டுங்கள். அது கிணற்றுக்குள் போனால் ஏற்கனவே கடுமையான தண்ணீர் இன்னும் கடுமையாகும். தெளிந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீர் மட்டத்துக்குக் கீழே இறக்கி, பலமுறை மேலும் கீழும் இழுங்கள். மேலே ஊற்றிவிட்டு வந்தால் மேல்மட்டம் மட்டும் மணக்கும், அடி அப்படியே இருக்கும். பின்னேரம் செய்தால் இரவு முழுக்க விடலாம். காலையில் மோட்டரைப் போட்டு மணம் இலேசாகும் வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுங்கள். அந்தத் தண்ணீரைப் பயிருக்கு விட வேண்டாம்.

அதன் பின் கிழமைக்கு ஒருமுறை, 1,000 லீற்றருக்கு 2 கிராம் போதும். மழை தொடர்ந்தால் புது நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், குளோரின் ஓரிரு நாளில் போய்விடும். ஆகவே குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே தீர வேண்டும். நன்றாகக் குமிழி எழும்பி ஒரு நிமிடம் போதும்.

குழந்தை விஷயம் தனி. வலிகாமத்துக் கிணறுகளில் பசளையாலும் குழிகளாலும் நைத்திரேற்று கூட இருக்கும். குடிநீரில் அதன் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக ஆக மிச்சத்தில் செறிவு கூடும். ஆறு ஏழு மாதக் குழந்தைக்கு மாப்பால் கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டாம். நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்து முடிவு வரும் வரை, போத்தல் தண்ணீரை வாங்கிக் கொதிக்க வைத்துப் பாவியுங்கள்.

---

வடமராட்சியான் எழுதியது:

மேல சொன்னது சரி, ஒண்டு விட்டுப்போச்சு. நுளம்புக் குடம்பி தின்ன எண்டு கிணத்துக்குள்ள மீன் விட்டிருந்தால் 7 கிராம் அளவுக்கு அது செத்து மிதக்கும். முதல்ல வலையால பிடிச்சுக் கிணத்துத் தண்ணியோடயே ஒரு தொட்டியில விடுங்கோ, மணம் முழுக்கப் போன பிறகு திருப்பி விடலாம். தொட்டிக்கு மூடி வேணும், காகம் விடாது.

---

போறணைக்காரி எழுதியது:

கேக்குக்கு வருவம். ஒரு 10 × 12 அங்குலத் தட்டுக்குக் கணக்கு: ரவை 250 கிராம், பட்டர் 250, சீனி 350, மஞ்சட் கரு 12, வெள்ளைக் கரு 4. கஜு 250, பிளம்ஸ் 250, சுல்தானா 250, பூசணித் தோசி (சீனிப்பாணியில போட்டது) 250, சௌசௌத் தோசி 150, இஞ்சித் தோசி 100, செரி 100. தேன் இரண்டு மேசைக்கரண்டி, பிராண்டி 100 மில்லிலீற்றர். ரோஸ் எசென்சும் வனிலாவும் ஒவ்வொரு தேக்கரண்டி. ஏலம், கறாம்பு, கறுவா, சாதிக்காய் எல்லாம் சேர்த்து ஒன்றரைத் தேக்கரண்டித் தூள்.

பழங்களைக் குறைஞ்சது ஒரு கிழமைக்கு முதல் வெட்டிப் பிராண்டியில ஊறப் போடுங்கோ. தோசியள் பாணியோட போத்தலில வரும். அதை அரிதட்டில போட்டு நல்லா வடிய விட்டிட்டு வெட்டுங்கோ. இந்தப் பாணிதான் டிசம்பரில கேக் பூஞ்சணம் பிடிக்கிறதுக்கு முதல் காரணம். கஜுவையும் பழத்தையும் கிறைண்டரில அடிக்க வேண்டாம், சேறாப் போகும். கத்தியால வெட்டினால் துண்டு துண்டாத் தெரியும்.

ரவையைத் தாச்சியில நிறம் மாறாமல் சூடேற வறுத்து, சூட்டோட பட்டரில பாதியைப் போட்டுக் கலந்து மூடி வையுங்கோ. அப்பதான் ரவை ஊறும், இல்லாட்டி வெந்த பிறகும் பல்லில கடிபடும். மிச்சப் பட்டரையும் சீனியையும் அடிச்சு, மஞ்சட் கருவை ஒவ்வொண்டாச் சேர்த்து, பிறகு ரவை, பழம், வாசனைச் சாமான், தேன். வெள்ளைக் கருவைக் கட்டியா அடிச்சுக் கடைசியில மெதுவாக் கலவுங்கோ.

தட்டுக்கு உள்பக்கம் பேப்பர் நாலு மடிப்பு, அதுக்கு மேல பட்டர் பூசின ஒயில் பேப்பர். 140 முதல் 150 பாகையில இரண்டரை மணித்தியாலம் வரை. மேல் நிறம் வந்திட்டால் ஒரு பேப்பரால மூடுங்கோ. ஈர்க்குக் குத்திப் பாக்கிறது இந்தக் கேக்குக்கு ஏமாத்தும், பழம் ஒட்டிக்கொண்டுதான் வரும். நடுவில விரலால அமத்தினால் திரும்பி எழும்ப வேணும், அதுதான் கணக்கு. கரண்ட் போனால் கதவைத் திறக்காதேங்கோ. அரை மணிக்குள்ள வந்தால் போன நேரத்தைக் கடைசியில கூட்டிவிடலாம்.

இரண்டு நாள் ஆறவிட்டு வெட்டி, துண்டு துண்டா ஒயில் பேப்பரில சுத்தி, மூடி இறுகின பேணியில வையுங்கோ. ஃபிரிட்ஜுக்குள்ள வைச்சு வைச்சு எடுத்தால் வேர்த்து நனையும்.

---

கிணத்தடி_வாசல் எழுதியது:

நன்றி அக்கா, அண்ணை. கிணத்தை இறைக்கிற யோசனையை விட்டாச்சு. பிராண்டி இல்லாமல் கேக் செய்யலாமோ? மாமியும் ஒரு துண்டு சாப்பிடோணும் எண்டு ஆசை. வெங்காயத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை.

---

போறணைக்காரி எழுதியது:

தோடம்பழச் சாறு 100 மில்லிலீற்றரைப் பாதியா வத்தக் காய்ச்சி ஆறினபிறகு பழத்துக்கு ஊத்துங்கோ. ஒரு இரவு ஊறினால் காணும், ஒரு கிழமை வைச்சால் புளிச்சுப்போகும். இந்தக் கேக் பத்து நாளுக்கு மேல வெளியில நிக்காது, அதால நத்தாருக்குக் கிட்டவாத்தான் போட வேணும். ஆனால் மாமிக்கு எண்டால் பிராண்டி மட்டுமில்லை, முட்டையும் கிடக்கு. அவவுக்குப் பயத்தம் பணியாரம் சுடுங்கோ, பிரச்சினை இல்லை.

---

செம்மண் எழுதியது:

செம்மண் எண்டபடியால் தப்பிச்சியள், தண்ணி வடியும். எண்டாலும் பெருமழை நிக்கிற நேரம் நட வேண்டாம். 2020 இல் புரெவிப் புயல் வந்ததே டிசம்பர் முதல் கிழமை. 1964 புயல் 22, 23ஆம் திகதி. மூன்று நாள் வெயில் பார்த்து, கையில மண்ணை உருட்டினால் உருண்டை உதிர வேணும். களியா ஒட்டினால் பொறுங்கோ.

பாத்தியை அரை அடி உயர்த்திச் சுத்திவர வாய்க்கால் விடுங்கோ. 10 சென்ரிமீற்றர் இடைவெளியில நட்டால் ஒரு சதுர மீற்றருக்கு 100 வெங்காயம். விதை வெங்காயம் அறுவடை செய்து இரண்டு மாதமாவது காய்ஞ்சு கிடந்ததா இருக்க வேணும். புதுசு முளைக்கப் பஞ்சிப்படும். நுனியைச் சாடையா வெட்டி, வெட்டின இடம் மண் மட்டத்துக்கு நிக்கிற மாதிரி ஊண்டுங்கோ. ஆழத் தாட்டால் மழைக்கு அழுகும்.

மழை மப்பு தொடர்ந்தால் இலை முறுகித் திருகும், அது பங்கசு நோய். திருகினதைப் பிடுங்கி எரிக்க வேணும், பாத்திக்கரையில போடக் கூடாது. யூரியாவைக் கூடப் போட்டால் இலை கொழுத்து நோய் இன்னும் விரைவாப் பிடிக்கும். கிணத்துக்கும் அதே யூரியாதான் இறங்குது எண்டதையும் மனசில வையுங்கோ. பாத்தி எங்க கிடக்கு, கிணத்தடியிலயா?

---

தண்ணிச்சோதனை எழுதியது:

கடைசிக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி.

குழந்தை வருகிற வீடு என்பதால் காய்ச்சலையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறுவது மாரி மழைக்குப் பிறகு, டிசம்பரிலும் ஜனவரியிலும். முட்டையில் இருந்து நுளம்பு பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும், ஆகவே கிழமைக்கு ஒரே நாளில் வளவைச் சுற்ற வேண்டும். சிரட்டையும் ரயரும் எல்லோருக்கும் தெரியும். தவறுவது கூரைப் பீலி, ஃபிரிட்ஜின் பின் தட்டு, பூச்சாடித் தட்டு, மதில் மேல் பதித்த போத்தல் ஓடு. பாத்திரத்து நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை விளிம்பில் ஒட்டிக் காய்ந்து மாதக்கணக்கில் இருக்கும், தும்புக்கட்டையால் தேய்க்க வேண்டும்.

காய்ச்சல் என்றால் நிறைக்கேற்ற பரசிற்றமோல் மட்டும். ஐபுபுரொஃபன், டைக்குளோஃபினக், அஸ்பிரின் வேண்டாம். வெளிநாட்டில் இருந்து வருபவர்களின் பையில் ஐபுபுரொஃபன் பெரும்பாலும் இருக்கும், முதலே சொல்லி வையுங்கள். பெரியவர்களுக்கு மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை. குழந்தைக்கு என்றால் அன்றே வைத்தியரிடம்.

வெங்காயப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் பரவி உயிரிழப்பும் ஏற்பட்டது. சேற்றில் வேலை செய்பவர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேளுங்கள்.

---

மேற்குவீதி எழுதியது:

மச்சாள் ஆக்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில இறங்குகினம் எண்டால், கொழும்புக் கோட்டையில இருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஆசனம் 30 நாளுக்கு முதல் திறக்கும். நத்தார் கிழமைக்குத் திறந்த அண்டே முடியும். அடையாள அட்டை இல்லாதவைக்குக் கடவுச்சீட்டு இலக்கம் வேணும், இப்பவே வாங்கி வையுங்கோ. கைக்குழந்தையோட இரவு பஸ் நான் சொல்லமாட்டன். பெருமழைக்குப் பிறகு பாதை திறந்திருக்கோ எண்டு புறப்பட முதல் பாக்கவும் வேணும்.

பயத்தம் பணியாரத்துக்குப் பயறை வெயில் கிடைச்ச அண்டே வறுத்துக் குத்தி, மாவை அரிச்சுப் பேணியில போட்டிடுங்கோ. மாவா இருந்தால் ஈரம் படாமல் மாதம் தாங்கும். தேங்காய்ப்பூவை ஈரம் போக வறுக்க வேணும், சுடுறதை மட்டும் 22ஆம் திகதிக்கு வைச்சுக்கொள்ளலாம். மில்லுக்குக் குடுக்கிறதெண்டால் 15ஆம் திகதிக்கு முதல். பிறகு மிளகாய்த்தூள் திரிக்க வாற ஆக்களுக்குப் பின்னால வரிசையில நிக்க வேணும், உங்கட பயத்தம் மாவும் உறைக்கும்.