50 மீட்டர் ரைஃபிள்: .22 தோட்டாவை லாட் வாரியாக டெஸ்ட் செய்வது – அனுபவப் பகிர்வு

ப்ரோன் (படுத்த நிலை) சுடுபவர்

சீசனுக்குத் தோட்டா வாங்கும் நேரம். டெனெக்ஸா, எக்ஸ்-ஆக்ட்டா, ஆர்50-ஆ என்று பெயரை வைத்துக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பெட்டியின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண்ணைப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் லாட் மாறினால் உங்கள் பேரலைப் பொறுத்தவரை அது வேறு தோட்டா. நடுத்தர விலை எஸ்கே ரைஃபிள் மேட்சில் ஒரு நல்ல லாட், பேரலுக்கு ஒத்துவராத விலையுயர்ந்த லாட்டை முந்திவிடும்.

ஒரு லாட்டுக்கு 50 தோட்டா கொண்ட ஒரு பெட்டி போதாது, இரண்டு வேண்டும். கம்பெனி மாறும்போது முந்தைய தோட்டாவின் மெழுகு பேரலில் ஒட்டியிருக்கும். இரண்டு ஃபெல்ட் துண்டை உள்ளே தள்ளி எடுத்துவிட்டு, 15 முதல் 20 தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட வேண்டும். அதன் பிறகு 10 தோட்டா வீதம் நான்கு குரூப் (ஒரே இலக்கில் விழும் துளைக் கூட்டம்). ஒரே கம்பெனியின் வேறு லாட் என்றால் கணக்கில்லாமல் சுட 5 முதல் 10 போதும். அப்படியான லாட்டுகளை அ-ஆ-இ என்று சுட்டு முடித்ததும் இ-ஆ-அ என்று திரும்பி வாருங்கள். அப்போதுதான் வெளிச்சமும் காற்றும் ஒரு லாட்டுக்கு மட்டும் சாதகமாக அமையாது.

அளவெடுக்கும்போது குரூப்பில் மிகவும் தள்ளியிருக்கும் இரு துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை வெர்னியரில் எடுத்து, ஒரு குண்டின் அளவைக் கழிக்கிறோம். குண்டு 5.6 மி.மீ. ஆனாலும் காகிதத்தில் துளை அதைவிடச் சிறியதாகத் தெரியும். அதே அட்டையில் தனியாக விழுந்த ஒரு துளையை அளந்து, அதைக் கழித்தால்தான் கணக்கு சரியாக வரும்.

10-ஆம் வளையம் 10.4 மி.மீ. விட்டம். கோட்டைத் தொட்டாலே 10 என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். புள்ளியைத் தசமத்தில் கணக்கிடும்போது ஒவ்வொரு 0.1-க்கும் 0.8 மி.மீ. தூரம். பத்துத் தோட்டா குரூப் மையத்துக்கு மையம் 16 மி.மீ. வந்தாலும் தாளில் எல்லாம் 10 ஆகலாம். ஆனால் நம் கை ஆட்டத்துக்கு அதில் இடமே மிச்சம் இருக்காது. சராசரி 12-க்கு மேல் போகும் லாட்டை நான் போட்டிக்குச் சேர்ப்பதில்லை.

பெஞ்ச்ரெஸ்ட் பிரிவு (துப்பாக்கியை மேசையில் தாங்கி வைத்துச் சுடுபவர்)

குரூப்பின் அளவை மட்டும் பார்க்காதீர்கள், வடிவத்தையும் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் முதலில் வேகத்தைச் சந்தேகிக்கலாம். மேட்ச் (போட்டிக்கான) தோட்டா சுமார் 325 மீ/வி வேகத்தில் கிளம்பும், 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.16 விநாடி. அதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து 12 செ.மீ. போலக் கீழே இறங்குகிறது. வேகம் 10 மீ/வி குறைந்தால் இறக்கம் இன்னும் 7 முதல் 8 மி.மீ. கூடும். ஒரு மீ/வி வித்தியாசம் ஏறத்தாழ ஒரு தசமத்தைத் தின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். (பேரல் மேல்நோக்கி அதிரும் கணத்தில் மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறினால் இதில் ஒரு பங்கு ஈடாகும். பேரல் முனையில் டியூனர் (அதிர்வைச் சரிசெய்யும் எடை) போடுவதும் அதற்குத்தான்.)

குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். பேரலில் கட்டும் வகையைக் குரூப் எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். முனையில் எடை கூடினால் அதிர்வு மாறி, அந்தக் குரூப்பே பொய்யாகிவிடும்.

அதிவேகத் தோட்டா பக்கமே போக வேண்டாம். 20 டிகிரியில் ஒலியின் வேகம் 343 மீ/வி. அதைத் தாண்டிக் கிளம்பும் குண்டு இலக்கை அடைவதற்குள் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும், அந்த இடத்தில்தான் அலைக்கழிகிறது.

கேள்வி

5 தோட்டா குரூப் போதாதா? தோட்டாவும் மிச்சமாகுமே.

ப்ரோன் சுடுபவர்

போதாது. ஒரே சரக்கில் 5 தோட்டா குரூப் சராசரியாக 3.07 சிக்மா (ஓர் அச்சில் பரவலின் திட்ட விலக்கம்), 10 தோட்டா குரூப் 3.81 சிக்மா. அதாவது 5-இல் 10 மி.மீ. காட்டும் லாட் 10-இல் 12.4 மி.மீ. காட்டுவதுதான் இயல்பு. அதைவிடப் பெரிய தொல்லை, 5 தோட்டா குரூப் தற்செயலாக அழகாக விழுந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அந்த லாட்டைப் பெட்டி பெட்டியாக வாங்குபவர்கள் உண்டு. எலக்ட்ரானிக் டார்கெட் இருந்தால் 40 தோட்டாவின் எக்ஸ், ஒய் எண்களையும் எடுத்து, குரூப் மையத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளி என்று சராசரி போடுங்கள். ஒற்றைத் தோட்டா விலகினாலும் இந்த எண் அவ்வளவாக அசையாது.

ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்)

பாதி நேரம் தோட்டா மேல் வரும் பழி உண்மையில் துப்பாக்கியுடையது. டெஸ்டுக்கு முன் மூன்றைப் பார்த்துவிடுங்கள்.

ஆக்‌ஷன் ஸ்குரூ (துப்பாக்கியின் இயங்கு பகுதியைக் கட்டையோடு பிணைக்கும் திருகு): டார்க் ரெஞ்சில் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள், பெரும்பாலும் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். தளர்ந்திருந்தால் குரூப் இரண்டாகப் பிரிந்து விழும். ஃபயரிங் பின் (தோட்டாவின் விளிம்பை அடிக்கும் ஊசி): சுட்டு வெளியேறிய கூடுகளை வரிசையாக வைத்து விளிம்பில் உள்ள தடத்தைப் பாருங்கள். ஒன்று ஆழமாக, ஒன்று லேசாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது பின் அழுக்காகியிருக்கும். அப்போது பிரைமர் (பற்றவைக்கும் மருந்து) ஒரே மாதிரி எரியாது, மேலும் கீழுமாக நீண்ட குரூப் வரும். மூன்றாவது, சேம்பருக்கு (பேரலில் தோட்டா அமரும் குழி) சற்று முன்னால் படியும் கரி வளையம். குண்டு உள்ளே போகும்போதே அது உரசிக் காயப்படுத்திவிடும். நல்ல லாட் திடீரென்று காரணமில்லாமல் ஓரிரு தோட்டாவை வெளியே எறிந்தால் முதலில் இதைத்தான் தேடுவேன். கரைப்பான் ஊறவிட்டு வெண்கலப் பிரஷ்ஷால் அந்த இடத்தை மட்டும் எடுங்கள், பேரல் முழுவதையும் தேய்க்காதீர்கள்.

இன்னொன்று: மேட்ச் சேம்பரில் தோட்டாவை ஏற்றும்போதே குண்டின் மூக்கு ரைஃபிளிங்கில் (பேரலுக்குள் உள்ள சுழல் வரிகள்) பதிந்துவிடும். விரலால் சாய்த்துத் தள்ளாமல் நேராக விடுங்கள். சுடாமல் வெளியே இழுத்தால் குண்டு பேரலிலேயே தங்கி, கூடு மட்டும் வந்து, மருந்து ஆக்‌ஷனுக்குள் கொட்டிவிடலாம். அப்படியானால் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது.

பயிற்சியாளர்

விளிம்பின் தடிமனை அளந்து பிரிப்பது, எடை போட்டுப் பிரிப்பது இரண்டும் மலிவான பயிற்சித் தோட்டாவில் கொஞ்சம் பலன் தரும். மேட்ச் தோட்டாவில் அந்த நேரத்தை இன்னொரு லாட் சுடச் செலவிடுங்கள்.

காற்றுக்கு வருகிறேன். குறுக்காக 1 மீ/வி அடித்தாலே 50 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 5 மி.மீ. ஒதுங்கும். அது கன்னத்தில் கூடச் சரியாகத் தெரியாத காற்று. கொடி அசையாத அதிகாலையில் அல்லது மூடிய ரேஞ்சில் சுடுங்கள். முடியாவிட்டால் பக்கவாட்டு அகலத்தை ஒதுக்கிவிட்டு உயரத்தை மட்டும் ஒப்பிடுங்கள், அதிலும் பாதி விஷயம் தெரிந்துவிடும். பெட்டி வெயிலில் கிடக்கக் கூடாது. சூடான தோட்டா வேகமாகப் போகும், பெட்டியின் அடியில் இருப்பதும் மேலே இருப்பதும் வேறு உயரத்தில் விழும்.

வெளிநாட்டுப் போட்டிக்குத் துப்பாக்கியோடு போகிறவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. தோட்டா தயாரிக்கும் லாப்புவா கம்பெனிக்கு ஜெர்மனியின் ஷோனபெக்கில், எலி (Eley) கம்பெனிக்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கத்தில் டெஸ்ட் ரேஞ்ச் இருக்கிறது. முன்பதிவு செய்து போனால் துப்பாக்கியைக் கிளாம்பில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டு, தாளும் எண்ணும் கொடுப்பார்கள். பிடித்த லாட்டை அங்கேயே ஒதுக்கச் சொல்லலாம். ஆனால் கிளாம்பில் முதலாவதாக வந்தது தோளில் வைத்தால் மூன்றாவதாகப் போகலாம். முதல் மூன்று லாட்டையும் கொண்டுவந்து, படுத்த நிலையில், ஸ்லிங்கோடு (துப்பாக்கியைத் தாங்கும் கைப்பட்டை) மறுபடி சுட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எந்த லாட்டை எடுத்தாலும் அதில் நான்கு பெட்டியைத் தனியாக மூடி, தேதி எழுதி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். அடுத்த வருடம் புதிய லாட் எல்லாமே மோசமாகத் தெரிந்தால் முதலில் இந்தப் பழைய பெட்டியை எடுத்து 20 சுடுங்கள். அதுவும் விரிந்து விழுந்தால் தோட்டாவை விட்டுவிட்டுப் பேரலைக் கவனியுங்கள்.