முழுக் கவிதையையும் நோட்ஸ்ல போடலாமா? கொப்பிரைட் தெரிஞ்சவங்க சொல்லுங்க

இலங்கைல ஹட்டன் பக்கத்துல நாங்க சில டீச்சர்மார் சேர்ந்து ஓ.எல். (சாதாரண தர) பரீட்சை எழுதுற புள்ளைங்களுக்கு இலவச தமிழ் இலக்கிய நோட்ஸ் செய்றோம், கிரியேட்டிவ் கொமன்ஸ் லைசன்ஸ்ல, யாரும் எடுத்து மாத்திக்கலாம், விக்கவும் செய்யலாம். பாரதியார் பாட்டுல சிக்கல் இல்ல, அவரு 1921லயே காலமாயிட்டாரு. மாட்டிக்கிட்டது ஒரு மலையகக் கவிஞரோட பதினாறு வரிக் கவிதைல. அவரு காலமானது 1990கள்ல, நம்ம நாட்டுல இறந்து 70 வருசம் வரைக்கும் உரிமை இருக்கே.

பதிப்பகம் மூடியாச்சு, குடும்பம் இந்தியாவுக்குப் போயிட்டதா சொல்றாங்க, விசாரிச்சும் நம்பர் கிடைக்கல. நாலு வரி மட்டும் போட்டுப் பார்த்தோம், கொழுந்துக்கூடை வர்ற கடைசி அடி இல்லாம கேள்வியே கேக்க ஏலாது. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துல, அனுமதி கேக்காம எடுக்கிற நியாயமான பயன்பாடு பத்தின 11ஆம் பிரிவையும் வாசிச்சோம், எவ்வளவு எடுத்தோம்னும் பார்ப்பாங்களாம், இங்க எடுக்கிறதே முழுசு.

இந்தக் கவிதை மட்டும் எங்க லைசன்ஸ்ல சேராதுன்னு குறிப்புப் போட்டு முழுசா வெளியிட்டா அது நியாயமான பயன்பாட்டுக்குள்ள வருமா?