வெற்றி பெற்ற மேனேஜர்: இருக்கிற கிளப்பிலேயே தங்குவதா, பெரிய கிளப்புக்குக் கிளம்புவதா?

கார்னர்கொடி கேட்டது:

நடுத்தர கால்பந்து கிளப் ஒன்றை மேலே கொண்டுவந்த மேனேஜரை (அணியின் தலைமைப் பயிற்சியாளரை) பெரிய கிளப் கூப்பிடுகிறது. போக வேண்டுமா? இந்தப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. ஒரு கட்சி மான்செஸ்டர் யுனைடெட்டின் ஃபெர்குசனைக் காட்டும்: 1986 முதல் 2013 வரை ஒரே கிளப், 13 பிரீமியர் லீக் பட்டங்கள். இன்னொரு கட்சி ஆன்செலோட்டியைக் காட்டும்: நாடு நாடாகப் போய் ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளிலும் பட்டம். இரண்டு பக்கமும் உதாரணம் இருக்கும்போது உதாரணத்தை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

விசுவாசம், பேராசை என்ற வார்த்தைகளை ஓரமாக வைத்துவிட்டு யாராவது விளக்குங்கள். முடிவெடுக்கும் முன் ஒரு மேனேஜர் எதை எதைச் சரிபார்க்க வேண்டும்? கூடவே ஒன்று: 2024-ல் லிவர்பூல், பயர்ன் இரண்டு இடமும் காலியானபோது ஷாபி அலோன்சோ ஜெர்மன் கிளப் லெவர்குசனிலேயே தங்கினார். அது சரியா?

ஸ்வீப்பர்:

முதலில் ஃபெர்குசன் உதாரணத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். அவர் தங்கினார் என்பது பாதிதான் உண்மை. கிளப் மாறவில்லை, ஆனால் அணியை அவர் பல தடவை கலைத்துக் கட்டினார். 1995 கோடையில் இன்ஸ், ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் மூவரையும் விட்டுவிட்டு அகாடமிப் பையன்களை இறக்கினார். அடுத்த வருடமே லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் கிடைத்தன. 2003-ல் பெக்காம், 2005-ல் ராய் கீன், 2006-ல் வான் நிஸ்டல்ராய் என்று வரிசையாக அனுப்பினார். அந்த இடைவெளியில் 2004, 2005, 2006 மூன்று சீசன் லீக் பட்டம் இல்லை. நிர்வாகம் பொறுத்தது, 2007-ல் திரும்பவும் பட்டம். உதவிப் பயிற்சியாளர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள்: நாக்ஸ், கிட், மெக்லாரன், கேரோஸ், ஃபீலன். தினமும் மைதானத்தில் வீரர்கள் கேட்கும் குரல் சில வருடத்துக்கு ஒருமுறை புதிதாக இருந்தது.

ஆக, தங்குவதற்கு மூன்று அதிகாரம் வேண்டும். வயதாகும் நட்சத்திரத்தை விற்க, அந்த இடத்துக்குத் தான் விரும்பியவரை வாங்க, உதவியாளரை மாற்ற. கூடவே ஒரு பட்டமில்லாத சீசனைத் தாங்கும் நிர்வாகம். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் தங்குவது மெதுவாகத் தேய்வதுதான்.

ஆர்சனலை நடத்திய வெங்கரைப் பாருங்கள். 2003-04-ல் தோல்வியே இல்லாமல் லீக் பட்டம். 2006-ல் புது ஸ்டேடியம், அதன் கடன். வியேரா, ஹென்றி, ஃபாப்ரகாஸ், வான் பெர்சி என்று கேப்டன்களே ஒவ்வொருவராகப் போனார்கள். 2005 எஃப்.ஏ. கோப்பைக்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நிலைமையில் வருடா வருடம் முதல் நான்கு இடத்துக்குள் வைத்திருந்ததே பெரிய சாதனை என்பது என் கருத்து. ஆனால் பட்டம் வெல்லும் வசதி அந்தக் கிளப்பில் அந்தக் காலத்தில் இல்லை.

செய்ய வேண்டிய கணக்கு சுலபம். அதிக நிமிடம் ஆடிய 14 பேரை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் வயது, ஒப்பந்தம் முடியும் வருடம், விடுவிப்புத் தொகை (அதைக் கட்டினால் கிளப் ஆளை விட்டே ஆக வேண்டும்) உண்டா என்று குறியுங்கள். 30-ஐத் தொட்டவர்கள், 18 மாதத்துக்குள் ஒப்பந்தம் முடிகிறவர்கள், எவரும் பணம் கட்டித் தூக்கிக்கொண்டு போகக்கூடியவர்கள், மூன்று வகையும் சேர்ந்து ஐந்தைத் தாண்டினால் அடுத்த சீசன் வேறு அணிதான் ஆடப்போகிறது. டார்ட்மண்டில் க்ளாப்புக்கு நடந்தது இதுவே. 2011, 2012 இரண்டு பட்டம். பிறகு ககாவா போனார். விடுவிப்புத் தொகை கட்டி கோட்ஸேவை 2013-ல் பயர்ன் எடுத்தது. ஒப்பந்தம் முடிந்து 2014-ல் லெவன்டோவ்ஸ்கி ஒரு காசு வராமல் அதே பயர்னுக்குப் போனார். 2014-15 சீசனின் நடுவில் அணி கடைசி இடத்தில் கிடந்து, ஒரு வழியாக ஏழாவதாக முடித்தது. க்ளாப்பின் திறமை குறையவில்லை. அது அடுத்து லிவர்பூலில் தெரிந்தது.

லாங்பால்:

ஸ்வீப்பர் சொன்னது தங்கும் பக்கம். போகும் பக்கத்தில் கவனிக்க வேண்டியது, போகிற இடத்தில் வீரர்களை வாங்குவது யார் என்பது.

கார்டியோலா 2016-ல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனபோது, பார்சிலோனாவில் அவரோடு இருந்த நிர்வாகிகள் சோரியானோவும் பெகிரிஸ்டைனும் 2012 முதலே அங்கே இருந்தார்கள். அவர் ஆட்டத்துக்கு எப்படிப்பட்ட கோல்கீப்பர், எப்படிப்பட்ட ஃபுல்-பேக் (ஓரத் தற்காப்பு வீரர்) வேண்டும் என்று விளக்கவே தேவையில்லாத ஆட்கள். அப்படியும் முதல் சீசனில் கோப்பை இல்லை.

இதற்கு நேர் எதிர் கிரஹாம் பாட்டர். 2022 செப்டம்பரில் பிரைட்டனிலிருந்து செல்சிக்குப் போனார். கிளப் கைமாறி நான்கு மாதம்கூட ஆகவில்லை. ப்ரீ-சீசன் (சீசனுக்கு முந்தைய பயிற்சி வாரங்கள்) கிடையாது. கோடையில் வாங்கிய வீரர்கள் வேறு மேனேஜருக்காக வாங்கப்பட்டவர்கள். ஜனவரியில் மறுபடி ஒரு கூட்டம் வந்து இறங்கியது. சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட்டுக்குப் புதிதாக மூன்று பேரைத்தான் பதிவு செய்யலாம் என்பது விதி; என்சோ, முட்ரிக், ஃபெலிக்ஸ் மூவரைச் சேர்த்ததும், லீக்கில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த பாடியாஷில் வெளியே. சனிக்கிழமை ஒரு தற்காப்பு வரிசை, வாரநடுவில் இன்னொன்று. ஏப்ரல் தொடக்கத்தில் வேலை போனது. ஒப்பந்தமோ ஐந்து வருடம்.

பிரைட்டன் என்ன ஆனது? பாட்டரோடு உதவியாளர்களும் போனார்கள். புது மேனேஜராக டி ஸெர்பி வந்தார், அணி ஆறாவதாக முடித்து முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஆள் தேடும் பிரிவு கிளப்பின் கையிலேயே இருந்ததுதான் காரணம். மேனேஜர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதை: இந்த வெற்றியில் எவ்வளவு என்னோடு வரும், எவ்வளவு இங்கேயே நின்றுவிடும்?

நடு சீசனில் போவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமோரிம் 2024 நவம்பரில் ஸ்போர்ட்டிங்கிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் போனார். அவர் ஆட்டம் 3-4-3, அதாவது தற்காப்பில் மூவர்; இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓடும் விங்-பேக் இருவர் தூணாக நிற்க வேண்டும். அங்கே இருந்த ஸ்குவாட் நான்கு பேர் தற்காப்புக்காகக் கட்டப்பட்டது. மாற்றிக் கற்றுக்கொடுக்க நேரம் எங்கே? ஐரோப்பா லீக் ஆடும் அணியின் வாரத்தைப் பாருங்கள். வியாழன் மேட்ச். வெள்ளி ரிக்கவரி. சனி லேசான பயிற்சி, செட்-பீஸ் (கார்னர், ஃப்ரீ-கிக்). ஞாயிறு லீக் மேட்ச். திங்கள் மறுபடி ரிக்கவரி. செவ்வாய் ஒரே ஒரு முழுப் பயிற்சி. புதன் பயணம். புது அமைப்பில் பந்தை இழந்ததும் யார் முன்னால் ஓடுவது, யார் பின்னால் மூடுவது என்பதைப் பழக்க வாரத்துக்கு ஒரு காலைதான் கிடைக்கிறது. ப்ரீ-சீசனில் அதற்கே ஐந்து ஆறு வாரம் முழுசாக இருக்கும். யுனைடெட் அந்த சீசனை 15-வது இடத்தில் முடித்தது. மேனேஜர் போன ஸ்போர்ட்டிங் அதே சீசனில் லீக் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

எக்ஸ்ட்ரா டைம்:

ஒப்பந்தக் காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதையும் சேர்த்துக்கொள்வோம்.

நீண்ட ஒப்பந்தம் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. ரனியேரி 2016 மே மாதம் லெஸ்டருக்கு லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தார், ஆகஸ்டில் புதிதாக நான்கு வருட ஒப்பந்தம், 2017 பிப்ரவரியில் நீக்கம். ஆகவே வருட எண்ணிக்கையை விட்டுவிட்டு இவற்றைப் படிக்க வேண்டும்: நீக்கினால் மீதிச் சம்பளம் முழுசாகவா, ஒரு வருடத்துக்கு மட்டுமா, அது மொத்தமாக வருமா, மாதத் தவணையா, இடையில் வேறு வேலை கிடைத்தால் தவணை நின்றுவிடுமா. உதவியாளர்களுக்கும் இதே பாதுகாப்பு எழுத்தில் உண்டா என்பதைப் பலர் கேட்பதே இல்லை. மேனேஜர் நீக்கப்பட்ட அன்று வாடகை வீட்டில் பிள்ளைகளோடு திகைத்து நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

தங்க முடிவு செய்தாலும் பேரம் உண்டு. சம்பள உயர்வை விட, விடுவிப்புத் தொகையை நியாயமான அளவில் எழுத்தில் வாங்குவது முக்கியம். அது இல்லாவிட்டால், சரியான இடம் காலியாகும்போது கிளப் கேட்கும் தொகையே கதவைச் சாத்திவிடும். மேனேஜர் எமெரி ஸ்பெயினின் வியாரியலில் இருந்தபோது அப்படி ஒரு தொகை ஒப்பந்தத்தில் இருந்தது. 2022 அக்டோபரில் ஆஸ்டன் வில்லா அதைக் கட்டியது, வேலை முடிந்தது. வில்லாவில் அவருக்கு அதிகாரமும் கிடைத்தது: செவியாவில் வீரர்களை வாங்கும் விளையாட்டு இயக்குநராகக் கூட இருந்த மோன்சி 2023-ல் அங்கேயும் வந்தார். 2024-ல் நான்காம் இடம், சாம்பியன்ஸ் லீக். முன்பு பாரிஸிலும் ஆர்சனலிலும் அவருக்கு இந்த வசதி அமையவில்லை. ஆள் ஒருவர்தான்.

உதவியாளர் விஷயத்துக்கு பிரையன் கிளஃப்பை மிஞ்சிய பாடம் இல்லை. டார்பிக்கு 1972-ல் பட்டம் வாங்கியது பீட்டர் டெய்லரோடு சேர்ந்து. 1974-ல் டெய்லர் இல்லாமல் லீட்ஸ் போனார், 44 நாளில் முடிந்தது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 1976-ல் டெய்லர் வந்து சேர்ந்த பிறகு 1978-ல் லீக், 1979, 1980 இரண்டு ஐரோப்பியக் கோப்பை. "ஆட்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று புதுக் கிளப் சொன்னால் கையெழுத்துப் போடக்கூடாது.

கார்னர்கொடி:

மூவருக்கும் நன்றி. அலோன்சோ பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே. இன்னொரு சந்தேகம்: போவதாக முடிவாகிவிட்டால் எப்போது அறிவிக்க வேண்டும்?

ஸ்வீப்பர்:

என்னைப் பொறுத்தவரை அலோன்சோ தங்கியது சரி. 2022 அக்டோபரில் கீழே இருந்து இரண்டாவது இடத்தில் கிடந்த அணியை எடுத்தார். முதல் டிவிஷன் கிளப்பை நடத்தி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. சாம்பியன்ஸ் லீகில் மேனேஜராக மூன்று மேட்ச்தான் நின்றிருந்தார். ஸ்குவாட்டும் கலையாமல் இருந்தது, விர்ட்ஸ் இன்னும் ஒரு வருடம் இருந்தார். 2025-ல் விர்ட்ஸ், ஃப்ரிம்பாங், தா மூவரும் கிளம்பும் கோடையில் அவரும் கிளம்பினார். நான் சொன்ன தாளை எடுத்துப் பார்த்தால் அதுதான் போக வேண்டிய கோடை.

லாங்பால்:

இதில் ஒத்துப்போக மாட்டேன். 2024 லிவர்பூல் மாதிரி ஒரு காலியிடம் பத்து வருடத்துக்கு ஒன்றுதான் வரும். க்ளாப் தோற்றுப் போகவில்லை, களைத்துப் போனார். ஸ்குவாட் ஆரோக்கியமாக இருந்தது. அங்கே போன ஆர்னே ஸ்லாட்டுக்கு முதல் கோடையில் அந்த சீசன் ஆட வந்த புது வீரர் கியேசா ஒருவர்தான். ஆனாலும் 2024-25 லீக் பட்டம். அலோன்சோ ஒரு வருடம் கழித்துப் போன ரியல் மாட்ரிடில் கிளப் உலகக் கோப்பை ஜூனிலேயே தொடங்கியது, ஒழுங்கான ப்ரீ-சீசன் இல்லை, 2026 ஜனவரியில் பிரிய வேண்டி வந்தது. தன் அணி எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர் சரியாகக் கணித்தார். எந்தக் காலியிடம் நல்லது என்பதை அப்படிக் கணிக்கவில்லை.

ஸ்லாட்டின் கதையையே முழுசாகப் பாருங்கள். 2023-ல் ஃபெயனூர்டுக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்ததும் டாட்டன்ஹாம் பேச்சு வந்தது. அவர் அசையாமல் ஒப்பந்தத்தை நீட்டித்தார். அடுத்த வருடம் லிவர்பூல் வந்தது, கிளம்பினார். முந்தைய மேனேஜர் ஏன் போனார், கடைசி ஐந்து வருடத்தில் எத்தனை பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், விளையாட்டு இயக்குநரின் ஒப்பந்தம் இன்னும் எவ்வளவு ஓடும்: வருகிற அழைப்பை இந்த மூன்றால் அளக்கலாம்.

எக்ஸ்ட்ரா டைம்:

அறிவிப்பு பற்றி. 2001-02 சீசன் முடிவில் ஓய்வு பெறுவதாக ஃபெர்குசன் முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட்டார். வீரர்கள் மீது அவருக்கு இருந்த பிடி தளர்ந்தது, நடுவில் முடிவை மாற்றிக்கொண்டு தங்கினார், அணி மூன்றாவதாக முடித்தது. முன்னாலேயே சொன்னது தவறு என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். க்ளாப் வேறு மாதிரி செய்தார்: 2023 நவம்பரில் உரிமையாளர்களிடம் சொன்னார், வெளியே 2024 ஜனவரி 26-ல்தான் சொன்னார். அடுத்த மேனேஜரைத் தேட கிளப்புக்கு முழுசாக ஆறு மாதம் கிடைத்தது. பிப்ரவரியில் லீக் கோப்பையும் வந்தது, ஆனால் ஏப்ரலில் பட்டப் போட்டியில் சறுக்கினார்கள். அதற்கும் அறிவிப்புக்கும் முடிச்சுப் போட எனக்கு மனமில்லை. காயப் பட்டியல் அந்த வருடம் மிக நீளம்.

நிர்வாகத்திடம் ஐந்தாறு மாதம் முன்பே சொல்லுங்கள். கோடையில் யாரை வாங்குவது என்ற வேலை ஜனவரியிலேயே தொடங்கிவிடும், போகிறவரின் ஆட்டத்துக்கு ஆள் வாங்கி வைத்தால் வருகிறவர் மாட்டிக்கொள்வார். வெளியே சொல்வதைச் செய்தி கசிய ஆரம்பிக்கும் வரை தள்ளிப்போடலாம். சொல்லும் நாளில் காலையில் வீரர்கள், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கிளப்பின் ஊழியர்கள், உடனே வீடியோ அறிக்கை. மூன்றும் ஒரே நாளில் முடிய வேண்டும், அதுவும் அடுத்த மேட்சுக்கு இரண்டு நாளாவது மிச்சம் இருக்கும்போது.