அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலியின் ஓவியத்தை நேரில் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். 2018 ஏப்ரலில் அம்மா எங்களோடு தங்க அமெரிக்கா வந்திருந்தார். வாஷிங்டனில் உள்ள நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்கு அவரைக் கூட்டிப் போனேன். வைலி வரைந்த ஒபாமா படத்தை அந்தப் பிப்ரவரியில்தான் திறந்திருந்தார்கள். அதன் முன்னால் நிற்கவே ஒரு வரிசை.

திரையில் எத்தனையோ முறை பார்த்த படம்தான். ஆனால் நேரில் ஏழடி உயரம். முகமும், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகளும் பழைய ஐரோப்பிய எண்ணெய் ஓவியங்களின் நிதானத்தோடு தீட்டப்பட்டிருக்கின்றன. நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, ஒபாமா அமர்ந்திருக்கும் நாற்காலியைச் சூழ்ந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது செவ்வந்திதானே? அங்கே பார், மல்லிகைகூட இருக்கு."

அவர் சொல்லும்வரை எனக்கு அது வெறும் பச்சைச் சுவர். அப்புறம்தான் விவரம் தேடிப் படித்துச் சொன்னேன். செவ்வந்தி, ஒபாமா அரசியலில் வளர்ந்த சிகாகோ நகரத்துக்கு உரிய பூ. மல்லிகை அவர் பிறந்த ஹவாயைக் குறிக்கிறது. நீல நிற ஆப்பிரிக்க லில்லி, அப்பாவின் நாடான கென்யாவுக்கு. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அவரோட ஜாதகத்தைப் பூவிலேயே எழுதிட்டாங்க" என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதே பகுதியில் கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-இல் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டனும் இருக்கிறார். தூண், சிவப்புத் திரை, மேஜை, தூரத்தில் வானம் எல்லாம் அவருக்குப் பின்னால் அடங்கி நிற்கின்றன. வைலியின் செடிகள் அப்படி அடங்கவில்லை. நாற்காலிக் கால்களைச் சுற்றி வளர்ந்து, ஷூவின் மேலும் ஏறியிருக்கின்றன. ஒபாமாவுக்கும் செடிகளுக்கும் நடுவில் ஒரு போராட்டம் நடக்கிறது என்று திறப்பு விழாவில் வைலியே சொன்னாராம். அம்மா அதைப் போராட்டமாகப் பார்க்கவில்லை. பிறந்த மண் காலை விடாது என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

வேறு யார் பார்த்திருக்கிறீர்கள்?

*

உங்கள் அம்மா சொன்ன ஜாதகம் என்ற சொல்லைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பார்த்தது புரூக்ளின் மியூசியத்தில், 2020 தொடக்கத்தில். ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் நெப்போலியனை 1801-இல் ஜாக் லூயி டாவிட் வரைந்தாரே, அந்தப் படமே பிரான்ஸிலிருந்து வந்திருந்தது. அதோடு வைலி 2005-இல் வரைந்த படத்தையும் வைத்திருந்தார்கள். முன்கால் தூக்கிய அதே குதிரை, அதே கை நீட்டல். ஆனால் ஏறியிருப்பவர் ராணுவப் புள்ளி உடையும் டிம்பர்லேண்ட் பூட்ஸும் தலையில் வெள்ளைத் துணியும் அணிந்த கறுப்பின இளைஞர். ஹிப் ஹாப் வீடியோவிலிருந்து நேராக வந்தவர் போல இருந்தார்.

தெருவில் பார்க்கும் இளைஞர்களிடம் பேசி, பழைய ஓவியங்கள் உள்ள புத்தகங்களைக் காட்டி, எந்த போஸ் வேண்டும் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வது வைலியின் வழக்கம். அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இங்கேயும் பின்னணிதான் என்னை நிறுத்தியது. டாவிட் படத்தில் மலையும் மேகமும் இருக்கின்றன. வைலி படத்தில் வானமே இல்லை. சிவப்புப் பட்டில் பொன் நிறக் கொடி ஓடுகிறது. குதிரையின் காலடியில் மட்டும் பாறையை விட்டுவைத்திருக்கிறார். டாவிட் அந்தப் பாறையில் பொனபார்ட் (நெப்போலியன்தான்), அவருக்கு முன்பே படையோடு ஆல்ப்ஸைக் கடந்த ஹனிபல், சார்லமேன் என்று மூன்று பெயர்களைச் செதுக்கியது போல வரைந்திருந்தார். குனிந்து வைலியின் பாறையைப் படித்தேன். மூன்று பெயர்களும் அப்படியே இருந்தன. கூடவே நான்காவதாக, குதிரையில் இருக்கும் அந்த இளைஞரின் பெயர்: வில்லியம்ஸ்.